இருவாச்சி உடைத்த சுவர்

மலைக்காட்டின் நடுவே ஒரு மடு இருந்தது. மடுவின் கரையில் வயதான தான்றி மரம் ஒன்று நின்றது. அந்த மரத்தின் உயரத்தில் இருந்த பொந்தில் பெரிய அலகின்மேல் மகுடம் போன்ற கொண்டை உடைய மகுடன், மஞ்சாடி என்ற இரண்டு இருவாச்சிப் பறவைகள் குடியிருந்தன.

இருவாச்சிகளின் வழக்கம் வேறு பறவைகளுக்கு இல்லாதது. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பொந்துக்குள் போய்விடும். ஆண், மடுவிலிருந்து ஈரமண் சுமந்து வரும். பெண் அந்த மண்ணைப் பழச்சக்கையோடும் தன் எச்சத்தோடும் குழைத்து, உள்ளே இருந்தபடியே வாசலைப் பூசி அடைக்கும். காய்ந்துவிட்டால் அந்தச் சுவர் மரத்தோடு மரமாக இறுகிவிடும். அலகு நுனி நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம் இருக்கும்.

உள்ளே போன பெண் தன் இறக்கையில் உள்ள இறகுகளை எல்லாம் உதிர்த்துவிடும். குஞ்சு பொரித்து, புது இறகு முளைத்து வளரும்வரை அதனால் பறக்க முடியாது. அந்தக் கீறல் வழியாக ஆண் ஊட்டுவதுதான் அதற்குச் சாப்பாடு. ஆண் வராவிட்டால் பட்டினி. சுவர் உடைந்தால் சாவு.

மஞ்சாடி வாசலைப் பூசிக்கொண்டிருந்த நாளில், மகுடனை மடுவுக்கும் மரத்துக்குமாக அலைய வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் மண் கொண்டு வாங்க. கீழ்ப்பக்கம் மெல்லிசா இருக்கு."

"போதும் மஞ்சாடி! யானையே வந்து முட்டினாலும் அசையாது."

"யானைக்கு நம்ம வீட்டுல என்ன வேலை? நான் மரநாய்க்குப் பயந்து சொல்றேன். போன வருஷம் அது என் மூக்குக்கு நேரா உட்கார்ந்து சுரண்டிச்சு. நீங்க வெளியே இருந்தீங்க. அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரியாது."

மகுடன் மறுபேச்சுப் பேசாமல் மண் கொண்டு வந்தான். சுவர் முடிந்தது. மஞ்சாடியின் அலகு நுனி மட்டும் கீறலில் தெரிந்தது.

மகுடன் கெட்டவன் இல்லை. சோம்பேறியும் இல்லை. அவனுக்கு ஒரே ஒரு குறைதான். தன்னைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது அவனுக்கு எப்போதும் தெரிந்தாக வேண்டும்.

அதற்குக் காரணமும் இருந்தது. இருவாச்சி பறந்தால் காற்றைக் கிழிப்பது போல இறக்கைச் சத்தம் கேட்கும். மகுடன் எங்கே பறந்தாலும் கீழே இருப்பவர்கள் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். பறக்கக் கற்ற நாளிலிருந்து அவன் பார்த்தது இதைத்தான். அதனால், காடு முழுக்கத் தன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறது என்று நம்பிவிட்டான். தலையைத் தூக்கியவர்கள் மறு நொடியே குனிந்து தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். அது அவனுக்குத் தெரியாது. அதற்குள் அவன் கடந்து போயிருப்பான்.

மடுவின் மறுகரையில் ஒரு இச்சி மரம் இருந்தது. அந்த வருடம் கிளை ஒடியும் அளவுக்குப் பழுத்திருந்தது. மைனா, மந்தி, மலையணில் எல்லாம் அங்கேதான் கூடும். மகுடனும் அங்கேதான் போவான். தொண்டை நிறையப் பழங்களை அடைத்துக்கொண்டு பொந்துக்குப் போவான். ஒவ்வொன்றாக மேலே வரவழைத்துக் கீறல் வழியே மஞ்சாடிக்கு ஊட்டுவான். திரும்ப மரத்துக்கு வருவான்.

ஒரு நாள் காலை அவன் வந்து இறங்கியதும் மைனா கத்தியது.

"வந்தாச்சு, வந்தாச்சு! சமையல்கார மாமா வந்தாச்சு!"

"சமையல்காரர் இல்லடி" என்றது மந்தி, மடியில் இருந்த குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டே. "தூக்குச்சட்டி தூக்குறவர். தொண்டையைப் பாரு, அதுதான் சட்டி!"

"எங்க வீட்டுல அவளே தேடித் தின்னுக்குவா" என்றது மலையணில். "நான் ஊட்டப் போனா கையைக் கடிச்சுடுவா!"

மரமே சிரித்தது. மகுடனும் சிரித்து வைத்தான். ஆனால் அவன் கழுத்து இறகுகள் சிலிர்த்துக்கொண்டன. பாதித் தொண்டைகூட நிறையவில்லை. அப்படியே கிளம்பிவிட்டான். அவன் போன கையோடு அவர்கள் காட்டெருமைக்குக் கன்று பிறந்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

கீழ்க்கிளையில் படுத்திருந்த மரநாய் எல்லாவற்றையும் பார்த்தது. போன வருடம் அந்தச் சுவரைச் சுரண்டி நகம் தேய்ந்துபோனது அதற்கு மறக்கவில்லை.

'அந்தச் சுவரை என்னால் உடைக்க முடியாது. ஆனால் உடைக்கக்கூடியவன் ஒருத்தன் இருக்கிறான்' என்று அது நினைத்தது.

மறுநாள் மகுடன் பழத்தோடு போகும் வழியில் மரநாய் ஒரு கிளையில் காத்திருந்தது.

"மகுடண்ணே! ஒரு நிமிஷம். நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. உங்களைப் பத்தி ஊர்ல என்ன பேசிக்கிறாங்கன்னு தெரியுமா?"

தெரிய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பறந்திருக்கலாம். தொண்டையில் பழம் இருந்தது. பொந்தில் பசி காத்திருந்தது. ஆனால் மகுடன் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன பேசிக்கிறாங்க?"

"எனக்கே சொல்லக் கூசுது. அண்ணி உள்ளே சொகுசா படுத்துக்கிட்டு உங்களை ஏவறாங்களாம். நீங்க வாலை ஆட்டிக்கிட்டு ஓடறீங்களாம். இவ்வளவு பெரிய மகுடம் தலையில எதுக்கு, அதையும் கழட்டி வீட்டுக்காரிகிட்டக் குடுத்துடலாமேன்னு கேக்கறாங்க."

"யார் கேட்டது? மந்தியா?"

"ஒருத்தர்னா பேரைச் சொல்லலாம். எல்லாரும்தான்!"

இதில் பாதி மரநாய் கட்டியது. எந்தப் பாதி என்று மகுடன் யோசிக்கவில்லை.

அன்று முதல் அவன் யார் கண்ணிலும் படாமல் போகப் பார்த்தான். பறந்தால் சத்தம் கேட்கும். அதனால் கிளைக்குக் கிளை தாவியே போனான். அவன் உடம்பு தாவுவதற்கு ஏற்றதில்லை. தாவும்போது பழம் தொண்டையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. இச்சி மரத்துக்கு எல்லாரும் போன பிறகுதான் போனான். சில நாள் அங்கே போகவே இல்லை. மலையின் அந்தப் பக்கத்தில் இருந்த ஒரு காய்ந்த அத்தியில் கிடைத்ததைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். முன்பு காலையிலிருந்து மாலைவரை ஓயாமல் வந்துபோனவன், இப்போது பொழுது சாயும்போது ஒருமுறை வந்து நின்றான்.

அதற்குள் குஞ்சு பொரித்திருந்தது.

"என்னங்க, ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டாள் மஞ்சாடி. "இது கத்திக் கத்தி இப்பத்தான் தூங்கிச்சு."

"மரத்துல பழம் தீர்ந்துபோச்சு."

"பொய் சொல்லாதீங்க. காத்து அடிச்சா இச்சிப்பழ வாசம் இங்கே வருது. அதை மோந்துக்கிட்டே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கேன்."

மகுடன் தலை குனிந்தான். பிறகு மைனா சொன்னது, மந்தி சொன்னது, மரநாய் சொன்னது எல்லாவற்றையும் கொட்டினான். மரநாயின் பேரை மட்டும் சொல்லவில்லை.

மஞ்சாடி தூங்கும் குஞ்சைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அவங்க சிரிச்சா நம்ம குஞ்சு இளைக்குமா?"

"இல்லை."

"அவங்க புகழ்ந்தா கொழுக்குமா?"

"இல்லை மஞ்சாடி. ஆனா..."

"அந்த ஆனாவை மடுவுல போட்டுட்டு நாளைக்கு விடியும்போதே வாங்க."

விடியும்போதே போக வேண்டும் என்றுதான் மகுடன் நினைத்தான். ஆனால் இச்சி மரத்தில் மைனாவின் குரல் கேட்டதும் அவன் இறக்கை மடங்கிக்கொண்டது. அன்றைக்கும் அத்தி மரத்துக்கே போனான்.

பசித்த குஞ்சு சும்மா இருக்குமா? அது கத்தியது. சுவரையும் தாண்டி அந்தக் குரல் மடுக்கரைவரை கேட்டது. தண்ணீர் குடிக்க வந்த மந்தி காதைத் தீட்டிக்கொண்டது.

"கேட்டியாடி? குழந்தை அழுவுது. அவன் பட்டினி போடுறான்!"

"நான் அப்பவே நினைச்சேன்" என்றது மைனா. "பெண்டாட்டியை உள்ளே தள்ளிப் பூசி வச்சிருக்கானே, எந்த ஊர் நியாயம் இது? சந்தேகப் பிராணி!"

"நேத்துவரைக்கும் அவரைத் தூக்குச்சட்டின்னு சொன்னீங்க?" என்றது அணில்.

"அது நேத்து!"

பேச்சு இப்படித் திசை மாறியது மரநாய்க்கு இன்னும் வசதியாகப் போயிற்று. அத்தி மரத்துக்குத் தேடிக்கொண்டே போனது.

"அண்ணே, விஷயம் முத்திப்போச்சு. நீங்க கொலைகாரன்னு பேசிக்கிறாங்க!"

மகுடன் அலகிலிருந்த பழத்தைக் கீழே விட்டுவிட்டான்.

"நானா?"

"அண்ணி எப்பவோ செத்துப்போயிட்டாங்களாம். நீங்க வெளியே தெரியாம மூடிப் பூசிட்டீங்களாம். காலிப் பொந்துக்குப் பழம் கொண்டுபோற மாதிரி நடிக்கிறீங்களாம். நான் சண்டை போட்டேன். எங்க அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லைன்னு சொன்னேன். ஆனா யாரும் கண்ணால பார்க்கலையே! அதுதான் கேக்கறாங்க."

"ஐயோ, அவ உயிரோட இருக்கா! குஞ்சும் இருக்கு!"

"எனக்குத் தெரியுது. ஊருக்குத் தெரியணுமே. ஒண்ணு செய்யுங்க. எல்லாரையும் கூப்பிட்டு வச்சு சுவரை உடைச்சுக் காட்டிடுங்க. ஒரு தடவை பார்த்துட்டா எல்லார் வாயும் மூடிக்கும். அப்புறம் திரும்பப் பூசிக்க வேண்டியதுதான். மண்ணுக்கா பஞ்சம்?"

மகுடனுக்கு அது சரியென்று பட்டது. பல நாளாக அவனுக்குத் தூக்கம் இல்லை. ஒரே ஒரு நாள் எல்லாரும் தன்னை நல்லவன் என்று சொல்லிவிட்டால் போதும், பிறகு நிம்மதியாகப் பழம் சுமக்கலாம் என்று நினைத்தான்.

மஞ்சாடியிடம் போனான்.

"உடைக்கவா?" என்றாள் அவள். "என்ன பேசுறீங்க? என் இறக்கையில இப்பத்தான் குருத்து விட்டிருக்கு. குஞ்சுக்கு இன்னும் உடம்புல இறகு மூடலை."

"ஒரு பொழுதுதான். பார்த்துட்டுப் போயிடுவாங்க. உடனே பூசிடலாம்."

"பூசினா ஆச்சா? காய வேண்டாமா? வானத்தைப் பாருங்க. மேகம் கூடிக்கிட்டு வருது. ஈரச் சுவரை மரநாய் ஒரு கையால தள்ளிடும்."

"மரநாய் நீ நினைக்கிற மாதிரி இல்லை மஞ்சாடி. அதுதான் எனக்காக ஊர்ல பேசுது."

கீறலில் தெரிந்த அலகு உள்ளே போய்விட்டது. அவள் குரல் மட்டும் வந்தது.

"இதைச் சொல்லிக் கொடுத்தது அதுதானா?"

மகுடன் மடுப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கேளுங்க. நான் உங்களை ஒரு நாளும் தப்பா நினைச்சதில்லை. பசியா கிடந்தப்பவும் நினைக்கலை. அது போதாதா?"

"நீ உள்ளே இருக்கே. அவங்க பேசுறது உனக்குக் கேக்காது. வெளியே நின்னு கேக்கறவன் நான்!"

"ஆமா. நான் உள்ளே இருக்கேன்" என்றாள் மஞ்சாடி. "அதைத்தான் நானும் சொல்றேன்."

அன்று பிற்பகல் மகுடன் இச்சி மரத்துக்குப் பறந்தான். எல்லாரையும் கூப்பிட்டான். மைனா வந்தது. மந்தி குட்டியைச் சுமந்துகொண்டு வந்தது. அணில் வந்தது. வேடிக்கை என்றதும் மான்களும் மரத்தடியில் வந்து நின்றன. மரநாய் மட்டும் கண்ணில் படவில்லை.

"நல்லாப் பார்த்துக்கோங்க!" என்று கத்திவிட்டு மகுடன் சுவரைக் கொத்தினான்.

சுவர் லேசில் உடையவில்லை. மஞ்சாடி அதை அவ்வளவு நன்றாகப் பூசியிருந்தாள். அவன் அலகின் ஓரம் சிதைந்தது. அவன் நிறுத்தவில்லை. "வேண்டாங்க! வேண்டாங்க!" என்று உள்ளே இருந்து முதலில் குரல் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. மஞ்சாடி குஞ்சைப் பொந்தின் கடைசிக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

சுவர் பெயர்ந்து மரத்தடியில் விழுந்தது. மான்கள் துள்ளி விலகின.

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். வெகு நாளாக வெளிச்சம் படாத மஞ்சாடி கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். உடம்பெல்லாம் அழுக்கு. இறக்கையில் குருத்தைத் தவிர இறகே இல்லை. மார்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அவள் காலுக்குப் பின்னால் மொட்டைக் குஞ்சு நடுங்கியது.

மந்தி தன் குட்டியின் கண்ணைப் பொத்தியது.

"பாவி! இறகையெல்லாம் பிடுங்கிட்டானே!"

"எலும்பும் தோலுமா இருக்காளே!" என்றது மைனா. "இதுக்குச் செத்திருக்கலாம்!"

"இல்லை, இல்லை! நான் பிடுங்கலை! அதுவா உதிரும்! எங்க வழக்கம் அது!" என்று மகுடன் கத்தினான். யாரும் நின்று கேட்கவில்லை. கூட்டம் பேசிக்கொண்டே மடுக்கரைக்கு இறங்கியது. மகுடனும் பின்னாலேயே போக இறக்கையை விரித்தான்.

"எங்கே போறீங்க?" என்றாள் மஞ்சாடி. "முதல்ல மண்ணைக் கொண்டு வாங்க! பொழுது சாயுது!"

"இதோ வந்துடறேன். ஒரே ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறேன்!"

அவன் பறந்துவிட்டான்.

மடுக்கரையில் அவன் பேசியது ஒரு வார்த்தை இல்லை. இருவாச்சிகளின் வழக்கம் என்ன என்று ஆதியிலிருந்து சொன்னான். தன் அம்மாவும் அப்படித்தான் இறகு உதிர்த்தாள் என்றான். தன் அப்பா எப்படிப் பழம் சுமந்தார் என்று சொன்னான். மைனா குறுக்கே ஒரு கேள்வி கேட்டது. அதற்குப் பதில் சொன்னான். மந்தி நம்பவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சொன்னான். அவன் நின்ற இடமெல்லாம் ஈரமண். அவன் கால் அதில் புதைந்து கிடந்தது.

"ஓ, அப்படியா சேதி?" என்றது மைனா கடைசியில். "எங்களுக்கு யாரும் சொல்லலையே மாமா. சொன்னாத்தானே தெரியும்!"

"தங்கமான பையன்" என்றது மந்தி. "நான் அப்பவே சொன்னேன், யாரு கேட்டீங்க?"

"எனக்கு முதல்லயே தெரியும்" என்றது அணில். "சரி, இருட்டப்போகுது. நான் வரேன்."

ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். மகுடனுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது போல இருந்தது. எல்லாரும் தன்னை நல்லவன் என்று சொல்லிவிட்டார்கள். பல நாளுக்குப் பிறகு இறக்கையை முழுவதும் விரித்து, சத்தம் கேட்கப் பறந்தான்.

பாதி வழியில்தான் ஒன்று உறைத்தது. கரையில் அவ்வளவு பேர் இருந்தார்கள். மரநாய் இல்லை.

தான்றி மரத்தை அவன் நெருங்கியபோது, அந்த இறக்கைச் சத்தத்துக்குப் பயந்து ஏதோ ஒன்று மரத்திலிருந்து குதித்துப் புதருக்குள் ஓடியது. அதன் ஒரு கண்ணிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

பொந்தின் வாசல் திறந்திருக்கவில்லை. மஞ்சாடி அதை அடைத்திருந்தாள். மண் இல்லாததால் தன் உடம்பை வைத்து அடைத்திருந்தாள். வெளியே தலையும் கழுத்தும் தொங்கின. கழுத்து கிழிந்திருந்தது. உள்ளே அவள் கால்கள் மரத்தை விடாமல் பற்றியிருந்தன. மரநாயால் அவளைக் குதற முடிந்தது. இழுத்து வெளியே போட முடியவில்லை.

அவளுக்கு இன்னும் உயிர் இருந்தது. கண்ணைத் திறந்தாள்.

"மண் கொண்டு வந்தீங்களா?" என்றாள்.

மகுடன் அலகைத் திறந்தான். அலகில் ஒன்றும் இல்லை.

மஞ்சாடி அதைப் பார்த்தாள். அதோடு அவள் உயிர் அடங்கியது. அவள் உடம்புக்குப் பின்னால், பொந்தின் கடைசியில், குஞ்சு பசித்துக் கத்தியது.

மகுடன் அவள் கால்களை மரத்திலிருந்து ஒவ்வொரு விரலாக விடுவித்தான். அவளை வெளியே எடுத்தபோது அவள் மிகவும் லேசாக இருந்தாள். அவன் கொண்டுவராமல் விட்ட பழங்களின் எடை அவளிடம் இல்லை. வேருக்கடியில் அவளைக் கிடத்தி, உடைத்துப் போட்ட சுவர்த் துண்டுகளையே அவள்மேல் குவித்தான்.

பிறகு மண் சுமந்தான். மழை பிடித்துக்கொண்டது. பூசியது கரைந்தது. கரைந்த இடத்தை மறுபடியும் பூசினான். சுவர் காயாத அத்தனை நாளும் அவன் அந்த வாசலிலேயே முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். குஞ்சுக்காகப் பழம் எடுக்க மட்டும் எழுந்தான். கண்ணுக்கு நேரே இருந்த இச்சி மரத்துக்குப் பட்டப்பகலில் பறந்தான். அள்ளினான். அதே வேகத்தில் திரும்பினான். உள்ளே இருந்து குஞ்சும் தன் பிஞ்சு அலகால் ஈரமண்ணைத் தட்டித் தட்டி அழுத்தியது. அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

காடு பேசாமல் இருக்குமா?

"பெண்டாட்டியை மரநாய்க்குக் காட்டிக் கொடுத்தவன் போறான் பாரு!" என்றது மைனா.

"அன்னைக்கு இங்கே நின்னு நீட்டி முழக்கினானே, அந்த நேரத்துல வீட்டுல இருந்திருந்தா அவ பிழைச்சிருப்பா" என்றது மந்தி.

இந்த முறை அவர்கள் பேசியது உண்மை. மகுடன் அதைக் காதால் கேட்டான். பொய்யைக் கேட்டபோது வலித்ததைவிட உண்மையைக் கேட்டபோது நூறு மடங்கு வலித்தது. ஆனால் அவன் கிளையில் உட்காரவில்லை. விளக்கம் சொல்ல வாயைத் திறக்கவும் இல்லை. வாயைத் திறந்தால் பழம் விழுந்துவிடும்.

ஒற்றைக் கண்ணோடு மரநாயும் ஒரு நாள் வழியில் வந்து நின்றது.

"அண்ணே, வருத்தமா இருக்கு. உங்களைப் பத்தி இப்ப என்ன பேசிக்கிறாங்கன்னா..."

மகுடன் அதன் தலைக்கு மேலே பறந்து போய்விட்டான். அந்த இறக்கைச் சத்தத்தில் மிச்சப் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை.

சுவர் இறுகுவதற்கு முன்பே காட்டில் பேச்சு மாறிவிட்டது. மந்திக் கூட்டத்தில் இரண்டு கிழவர்கள் ஒரு கிளைக்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். எல்லாரும் அதைப் பற்றியே பேசினார்கள். மஞ்சாடி என்று ஒருத்தி இருந்ததே மைனாவுக்கு மறந்துபோனது.

மகுடனுக்கு மறக்கவில்லை. ஆனால் நினைத்துக்கொண்டு உட்கார நேரம் இல்லை. கீறலில் குஞ்சின் அலகு நுனி தெரிந்தது. அவன் ஒரு பழத்தை வரவழைத்து நீட்டினான். குஞ்சு வாங்கி விழுங்கியது. மறுபடியும் வாயைத் திறந்தது. தொண்டையில் இருந்ததெல்லாம் தீரும்வரை ஊட்டிவிட்டு, அடுத்த நடைக்காக மகுடன் மழைக்குள் பறந்தான்.

ஊர் நம்மைப் பற்றி நல்லதும் பேசும், கெட்டதும் பேசும், பிறகு மறந்தும் போகும். அதன் வாயைத் திருத்தப் போய் அலையாமல், நம்மை நம்பி இருப்பவர்களின் பசியைப் பார்ப்பதே நாம் செய்ய வேண்டிய வேலை.